துரை விற்கிறாரா?

வெள்ளக்கல் எஸ்டேட்டின் பெரிய கிளார்க் பஞ்சாபகேசனுக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தன் பேருக்கென்று ஒரு கடிதம் வந்ததில்லை. இத்தனைக்கும் பள்ளிவாசல் என்ற ஊரின் தபாலாபீசிலிருந்து மலையேறி வரும் தபால் பை அவர் கையால்தான் பிரிபடும். துரைக்கு வரும், துரைசானிக்கு வரும், கங்காணிகளுக்கு வரும், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் யாரோ ஒரு மாடத்திக்குக்கூட ராஜபாளையத்திலிருந்து கார்டு வரும். எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி அனுப்பிவிட்டு, காலிப் பையை உதறி மடித்துக் கொடுப்பார். உதறும்போது உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். பையில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் பார்ப்பார்.

கல்பாத்தியில் பிறந்தவர். கல்யாணமான பதினோராம் மாதம் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. இருபத்து நாலு வயதில் இந்த மலைக்கு வேலைக்கு வந்தார். கீழே தமையன் வீட்டை விற்றுவிட்டு ஜாம்ஷெட்பூர் போனான். விற்ற செய்தியே தம்பிக்கு மூன்று வருஷம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் போனால் எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது? ஆகவே போகவில்லை. ஒவ்வொரு ஐப்பசிக் கடைசியிலும் கல்பாத்தித் தேர் நாளன்று மட்டும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வேஷ்டி மாற்றிக்கொண்டு, தன் குவார்ட்டர்ஸிலேயே உட்கார்ந்திருப்பார். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட முதல் வாரம், தபால்காரன் நல்லதம்பி கோணிச் சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டுப் பையைப் போட்டான்.

"அய்யரே, ஒங்க பேருக்கு ஒண்ணு இருக்குல்லா! போஸ்ட் மாஸ்டரே தப்பா வந்திருச்சோன்னு ரெண்டு தடவ பாத்தாரு."

கல்பாத்தியிலிருந்து லட்சுமிநாராயணன் என்பவர் எழுதியிருந்தார். ஒலவக்கோடு ரயில்வே ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். அநேக நமஸ்காரம், க்ஷேமம், பகவத் கிருபை எல்லாம் அரைப் பக்கம். அதற்குப் பிறகுதான் விஷயம். வெள்ளக்கல் டீ கம்பெனியின் ஷேர்கள் கல்பாத்தியில் ஏழு பேரிடம் இருந்தன. யுத்தம் முடிந்த சமயத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள். ஏழு பேர் வீட்டிலும் டீ நுழைந்தது கிடையாது, எல்லோரும் காப்பிதான். டீச்செடி மரமா கொடியா என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஷேர் கோயமுத்தூரில் என்ன விலை என்பதை நாளுக்கு மூன்று தடவை விசாரித்தாக வேண்டும்.

அந்த வருஷம் விலை ஆடத் தொடங்கியிருந்தது. புது மந்திரிசபை வந்திருக்கிறது, தோட்டங்களையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், வெள்ளைக்காரர்கள் கப்பலேறப் போகிறார்கள் என்று எங்கும் பேச்சு. கம்பெனியில் பாதிக்கு மேல் ஷேர் வைத்திருந்தவர் லாங்டன் துரை. அவரே எஸ்டேட்டையும் நடத்தினார். அவர் ரகசியமாக விற்றுக்கொண்டிருக்கிறார் என்று ஏழு பேரில் நாலு பேர் சொன்னார்கள். இல்லை, இது கோயமுத்தூர் வெறுங்கைக்காரர்கள் வேலை என்று மூன்று பேர் சொன்னார்கள். கையில் ஒரு ஷேர்கூட இல்லாமல் இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, பீதியைக் கிளப்பி, விலை விழுந்தபின் மலிவாக வாங்கிக் கொடுத்து நடுவில் லாபம் பார்க்கிற கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. தினம் சாயங்காலம் ஆற்றங்கரைப் படியில் இந்த இரண்டு கட்சிக்கும் சண்டை. 'நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கேயே பெரிய கிளார்க்காக இருப்பது பூர்வ புண்ணியம். துரை விற்கிறாரா என்று ஒரு வரி எழுத வேண்டும்' என்று கடிதம் முடிந்திருந்தது.

பஞ்சாபகேசன் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தார். ஷேர் விஷயத்தை ஒரு தடவைதான் படித்தார். 'நம் ஊர்க்காரர்' என்ற இடத்தை மற்ற மூன்று தடவையும் படித்தார்.

உடனே பதில் எழுதினார். துரை விற்பதாகத் தமக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினார், அது நிஜம். அதோடு நிறுத்த மனம் வரவில்லை. நாலு வரியில் கடிதம் முடிந்தால் நன்றாயிருக்குமா? மழையைப் பற்றி எழுதினார், அட்டையைப் பற்றி எழுதினார், போன வாரம் துரை பங்களாவிலிருந்து பியானோவை லாரியில் ஏற்றிக் கொச்சிக்கு அனுப்பியதைப் பற்றி எழுதினார். எட்டுப் பேர் தூக்கியும் அசையாத பெட்டி அது, வேடிக்கையாக இருக்கட்டும் என்று எழுதியதுதான். ஈரத்தில் ஊறிக் கட்டைகள் இறுகிப்போனதால் ரிப்பேருக்குப் போகிறது என்பதை எழுத மறந்துவிட்டார்.

ஒரு வாரத்துக்குள் கல்பாத்தியிலிருந்து கனமான இரண்டு உறைகள் வந்தன. பியானோ போய்விட்டதா? கூட வேறு பெட்டிகள் போயினவா? துரைசானியின் முகம் எப்படி இருந்தது? லட்சுமிநாராயணன் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். கடைசியில், 'மலைக்குளிரில் தனியாக இருக்கிறீர், உடம்பைப் பார்த்துக்கொள்ளும்' என்றும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

இங்கேதான் அவர் வழுக்கினார். ரிப்பேருக்குப் போனது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அந்தக் கடிதங்களும் முடிந்திருக்கும். அவர் அதை எழுதவில்லை. 'பியானோ இன்னும் திரும்பி வரவில்லை' என்று எழுதினார்.

பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மனிதர் ஆயுசில் பொய் எழுதினதில்லை. துரையின் இரண்டு நாய்களில் ஒன்றைக் காணோம் என்று எழுதினார். சிறுத்தை தூக்கிக்கொண்டு போனதை எழுதவில்லை. துரைசானி சீமைக்குக் கிளம்பிவிட்டாள் என்று எழுதினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அவள் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வருகிற வழக்கத்தை எழுதவில்லை. பாதி செய்தியை எழுதினால் நாலு பக்கம் பதில் வருகிறது, முழுச் செய்தியை எழுதினால் ஒரு கார்டுதான் வரும் என்று சீக்கிரமே கற்றுக்கொண்டார். ஊர் முழுக்க மனிதர்கள் சூழ வாழ்கிற நாம் இதற்கு அவரை ஏசலாம். இருபத்தெட்டு வருஷம் காலிப் பையை உதறிப் பார்த்துவிட்டு ஏசினால் நன்றாயிருக்கும்.

ஆவணி புரட்டாசியில் வாரத்துக்கு மூன்று கடிதம். பஸ்ஸில் யார் கையிலோ கொடுத்தனுப்பிய கடுமாங்காய் ஜாடி ஒன்று வந்தது. அவருடைய முழங்கால் வலிக்குத் தைலத்தின் பெயர் வந்தது. படித்துறையில் தன் கடிதத்தை உரக்கப் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் பஞ்சாபகேசன் எழுத்தை இன்னும் குண்டு குண்டாக எழுதினார். ஒரு கடிதத்தில் மனம் விட்டு, 'எனக்கு இந்த மலைக்கு இத்தனை வருஷத்தில் ஒருவரும் எழுதியதில்லை, நீர்தான் முதல்' என்று எழுதிவிட்டார். அதற்கு லட்சுமிநாராயணனிடமிருந்து வந்த பதில்: 'இந்த வருஷம் தேருக்கு நம் கிருஹத்தில்தான் தங்க வேண்டும். மறுவார்த்தை கூடாது.' பஞ்சாபகேசன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டையைத் துவைக்கப் போடும்போது அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொண்டார்.

விலை மட்டும் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பதினாலு ரூபாய் ஷேர் பத்துக்கு வந்தது, ஒன்பதுக்கு வந்தது. 'நாங்கள் ஏழு பேரும் பாறை மாதிரி நிற்கிறோம், ஒருவரும் விற்கவில்லை. துரையோ வெறுங்கைக்காரர்களோதான் அடித்து இறக்குகிறார்கள்' என்று லட்சுமிநாராயணன் ஒவ்வொரு தபாலிலும் எழுதினார்.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பென்சிலால் எழுதிய கார்டு ஒன்று வந்தது. ஏழு பேரில் ஒருத்தியான தர்மாம்பாள் எழுதியிருந்தாள். மூன்றாம் வீட்டு சேஷம்மாளின் பெண் என்று அடையாளம் சொல்லியிருந்தாள். புருஷன் வைத்துவிட்டுப் போனது இருநூறு ஷேரும் இரண்டு கட்டு வீடும். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் டிவிடெண்டும், பின்கட்டு வாடகையும் சேர்ந்தால்தான் அவளுக்கு அரிசி. அது நின்றால் பம்பாய் மாட்டுங்காவில் மைத்துனர் வீட்டுக்குப் போய், பதினோரு பேருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் கிடக்க வேண்டியதுதான். 'ஷேர் விஷயம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. விற்கட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை எழுதினால் போதும். உங்களுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை என்று படித்தார்கள். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.'

பதிலைத் திங்கட்கிழமை எழுதலாம் என்று தள்ளிவைத்தார். திங்கட்கிழமை வேறொன்று நடந்தது.

கொச்சி ஆபீசிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை நீள உறை ஒன்று வரும். துரை தானே பிரித்து, உள்ளே இருக்கும் காகிதங்களில் டைரக்டர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டு, தானே ஒட்டி அனுப்பிவிடுவார். அந்த வாரம் அவருக்கு வலது கை சுளுக்கு. "கிளார்க், நீ தொற. பேப்பர் ஒண்ணு ஒண்ணா காமி" என்றார். தோட்டத்துத் தமிழ்தான் அவருக்குத் தெரிந்த தமிழ்.

உறைக்குள் இருந்தவை ஷேர் கைமாறும் பத்திரங்கள். பஞ்சாபகேசன் முதல் பத்திரத்தை மேஜையில் வைத்தார். விற்பவர், லட்சுமிநாராயணன், கல்பாத்தி. அடுத்தது, கல்பாத்தி. அதற்கடுத்தது, கல்பாத்தி. படித்துறையில் பாறை மாதிரி நின்றவர்களில் ஆறு பேருடைய கையெழுத்தும் இருந்தது. பாறைகள் ஒவ்வொன்றாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், இரவல் குடை பிடித்துக்கொண்டு கோயமுத்தூர் போய் விற்றுவிட்டு வந்திருக்கின்றன. ஒருவர் விற்றதில் விலை விழ, அதைப் பார்த்துத் துரை விற்கிறார் என்று மற்றவர் பயந்து விற்க, அதில் இன்னும் விழ, கடைசியில் வெறுங்கைக்காரனும் இல்லை, ஒருவனும் இல்லை. தர்மாம்பாள் பெயர் மட்டும் அந்தக் கட்டில் இல்லை.

வாங்குபவர் பெயர் எல்லாப் பத்திரத்திலும் ஒன்றே. லாங்டன்.

"ஒங்க ஊர் ஆளு எல்லாம் ஏன் ஓடுறான்?" என்று துரை இடது கையால் கையெழுத்தைக் கிறுக்கிக்கொண்டே கேட்டார். "இந்த வருசம் டீ நல்லா இருக்கு. நான் எங்கயும் போகல. சாகுறது இங்கதான்."

பஞ்சாபகேசன் பத்திரங்களை அடுக்கி உறைக்குள் வைத்தார். பியானோவும் நாயும் துரைசானியும் வரிசையாக வந்து முன்னால் நின்றார்கள். ஆறு பேரைப் பற்றி அவருக்குப் பெரிதாகக் கவலை இல்லை. அவர்கள் சூது ஆடினார்கள், தோற்றார்கள். அந்தப் பென்சில் கார்டுதான் அவரை அரித்தது. 'விற்காதே, துரைதான் வாங்குகிறார்' என்று எழுத மூன்று நிமிஷம் போதும். கல்பாத்திக்குத் தபால் மூன்றே நாள்.

காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுதினால் அவள் நேரே லட்சுமிநாராயணனிடம் காட்டுவாள். விதவைப் பெண்ணை நிற்கச் சொல்லிவிட்டுத் தான் விற்ற மனிதர், அதையும் நஷ்டத்தில் விற்ற மனிதர், அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இவரை வீட்டுக்குள் சேர்ப்பாரா? பியானோ ஏன் போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது? தேருக்கு இன்னும் பதினெட்டு நாள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தேர். நேரில் போய் அவளிடம் தனியாகச் சொல்லிவிடலாம், தேரையும் பார்த்துவிடலாம், பதினெட்டு நாளில் குடி முழுகிப் போகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். காகிதத்தை மேஜைக்குள் வைத்தார். லட்சுமிநாராயணனுக்கும் எழுதக் கை வரவில்லை. அந்த இரண்டரை வாரம் வெள்ளக்கல்லிலிருந்து கல்பாத்திக்கு ஒரு கார்டும் போகவில்லை.

நவம்பர் பதினாலாம் தேதி விடியற்காலை பஸ் பிடித்தார். மறையூர் இறங்கி, உடுமலையில் மாறி, பொள்ளாச்சியில் மாறி, சித்தூர் தாண்டும்போது ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். கல்பாத்தித் தெருவில் கால் வைத்ததும், "வாரும் வாரும், மலை இறங்கிட்டீரே!" என்று லட்சுமிநாராயணன் ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். கால் கழுவ வெந்நீர் கொடுத்தார்கள். இலை போட்டு, கூட உட்கார்ந்து, இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று உபசாரம் செய்தார்கள். தெருவில் நாதஸ்வரம் கேட்டது. வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வெள்ளக்கல் பஞ்சாபகேசனாக்கும்" என்று அறிமுகம் செய்தார் லட்சுமிநாராயணன். பஞ்சாபகேசன் சின்னப் பையன் மாதிரி வெட்கப்பட்டார். சொல்லவேண்டியதை இன்னும் சொல்லவில்லை, ஆனாலும் அந்தச் சாப்பாடு அவருக்கு இனித்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை, தேர் வடம் பிடிக்கும் முன், தனியாகத் தர்மாம்பாளின் வீட்டுக்குப் போனார்.

தர்மாம்பாள் வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். யாரென்று சொன்னதும், "அண்ணாவா! உள்ள வாங்கோ" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கூடத்தில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் திறந்து கிடந்தன. பாத்திரங்களைப் பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தாள்.

"எங்கே பயணம்?" என்றார் பஞ்சாபகேசன்.

"மாட்டுங்காவுக்குத்தான். தை பொறந்ததும் மச்சினர் அழைச்சுண்டு போக வராராம். வீட்டுக்கும் ஆள் பார்த்தாச்சு." அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள். "போன வெள்ளிக்கிழமை ஷேரையெல்லாம் வித்துட்டேன் அண்ணா. ஏழே கால்தான் கிடைச்சுது. போட்டும், அதாவது கிடைச்சுதே."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க கார்டுக்குக் காத்துண்டிருந்தேன். தினம் தபால்காரன் வரச்சே வாசல்ல வந்து நிப்பேன். வரலை. லட்சுமிநாராயண மாமா சொன்னார், துரை போறார்னு எழுதினா அவர் வேலை போயிடும், போகலைன்னு எழுதினா பொய்யாயிடும், அதான் எழுதாம இருக்கார், வராததுதான் பதில்னு. எனக்கும் சரீன்னு பட்டுது. நீங்க பொய் எழுத மாட்டேள்னு எல்லாருக்கும் தெரியுமோல்லியோ." காப்பியை அவர் பக்கத்தில் வைத்தாள். "உங்கமேல ஒரு வருத்தமும் இல்லை. சொல்ல முடியாததைச் சொல்லாம விட்டேள். அதுவும் ஒரு உபகாரம்தானே?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காப்பியைக் குடித்துவிட்டு, தேர் பார்த்துவிட்டு, வருஷா வருஷம் வந்து போயிருக்கலாம். நல்லவர் என்ற பேரும் தங்கியிருக்கும்.

"துரை விக்கலை" என்றார் பஞ்சாபகேசன். "வாங்கினதே அவர்தான். பியானோ ரிப்பேருக்குப் போச்சு. நாயைச் சிறுத்தை அடிச்சுது. இவா ஆறு பேரும் முன்னாடியே வித்துட்டா, பத்திரம் என் கையால போச்சு. நான்... தேருக்கு வரணும்னு..."

தெருவில் முதல் தேரின் வடத்தைப் பிடித்துவிட்டார்கள். ஒரு பெரிய கூச்சல் எழுந்து, வீட்டுக்குள் வந்து, போயிற்று.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பதினெட்டு நாளாச்சு."

"தபால் எத்தனை நாளாகும் அங்கேர்ந்து?"

"மூணு நாள்."

அவள் விரல் மடக்கவில்லை, மனசுக்குள்ளேயே எண்ணிப் பார்த்தாள் போலிருக்கிறது. கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் குனிந்து, புடவை சுற்றிய ஒரு உருளியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். வைத்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்:

"ஒத்தரும் எழுதலை, ஒத்தரும் எழுதலைன்னு எழுதினேளே. நான் எழுதினேனே அண்ணா."

பஞ்சாபகேசன் எழுந்து வெளியே வந்தார். தெரு அடைத்துக்கொண்டு ஜனம். கூட்டத்துக்கு நடுவில் லட்சுமிநாராயணன் கையை உயர்த்தி, தமக்குப் பக்கத்தில் பிடித்துவைத்திருந்த இடத்தைக் காட்டி, வாரும் வாரும் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.